விலையுயர்ந்த கார்க் குத்தகை: புதுத் தொழிலுக்கு ஏற்றதா?

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

எங்கள் ஊர் ஏம்பலம். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து நெல் வயல்கள் சூழ்ந்த ஊர். குத்தகை என்னும் சொல்லை நாங்கள் பள்ளியில் கற்கவில்லை. வரப்பில் நடக்கப் பழகியபோதே கற்றுக்கொண்டோம். யாருடைய நிலம், யார் குத்தகைக்கு உழுகிறார், அறுவடையில் எத்தனை மூட்டை அளக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சு. ஆனால் கார் ஒன்றைக் குத்தகைக்கு எடுப்பது பற்றி அந்தத் திண்ணையில் பேச்சு எழும் என்று நான் எண்ணியதில்லை.

2025 தீபாவளிக்கு அடுத்த வாரம் அந்தப் பேச்சு எழுந்தது. என் பெரியப்பா மகன் ஊருக்கு வெளியே ஹாலோ பிளாக் எனப்படும் சிமெண்ட் கல் செய்யும் தொழிலைத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கையில் ஒரு வண்ணத் தாள். அதில் நாற்பத்தைந்து இலட்சம் ரூபாய் பெறுமான கார் ஒன்றின் படம். முன்பணம் கட்ட வேண்டியதில்லை, மாதக் குத்தகை செலுத்தினால் போதும் என்று நகரத்துக் காட்சிக்கூடம் ஒன்றில் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தொழில் புதியது என்பதால் பெரியப்பா பிணைக் கையெழுத்திட வேண்டும். ஒன்றரைக் காணி நஞ்சையின் பத்திரத்தையும் ஈடாகக் காட்ட வேண்டும்.

பெரியப்பா அதிகம் பேசாதவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “நீ பி.காம். படிக்கிறியே தம்பி, கணக்குப் போட்டுச் சொல்லு. கையெழுத்துப் போடலாமா, கூடாதா?” என்றார்.

வகுப்பில் ஐந்தொகை சரியாக வராவிட்டால் இரண்டு மதிப்பெண் போகும். இங்கே தவறினால் நிலம் போகும். அந்த ஒரு வார காலத்தில் நான் படித்ததையும், கேட்டதையும், கணக்கிட்டதையும் முறைப்படுத்தி எழுதியதே இக்கட்டுரை. தொழில் தொடங்கும் எண்ணமுடைய மாணவ நண்பர்களுக்கு இது ஓரளவேனும் பயன்படும் என நம்புகிறேன்.

குத்தகை என்பது யாது?

ஒரு பொருளின் உரிமையை விலைக்கு வாங்காமல், அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் குறித்த காலத்திற்கு வாடகை கொடுத்துப் பெறுவதே குத்தகை. தவணை முறையில் வாங்குவது வேறு, குத்தகை வேறு. தவணை முறையில் கடைசித் தவணை செலுத்தியதும் பொருள் நமதாகிறது. குத்தகையில் கடைசி வாடகை செலுத்தியதும் பொருளைத் திருப்பித் தருகிறோம்.

குத்தகையிலும் இரு வகை உண்டு. பொருளின் ஆயுட்காலத்தில் பெரும்பகுதிக்கும் குத்தகைக்கு எடுத்து, அதன் விலை முழுவதையும் வட்டியுடன் வாடகையாகவே செலுத்திவிடுவது நிதிக் குத்தகை. சில ஆண்டுகள் மட்டும் பயன்படுத்தித் திருப்பித் தருவது இயக்கக் குத்தகை. இவ்வகையில், குத்தகை முடியும்போது பொருளுக்கு இருக்கும் மதிப்பை முன்கூட்டியே மதிப்பிட்டு, விலையில் அதைக் கழித்து, மீதியையும் வட்டியையும் வாடகையாக்குகின்றனர். இதனை எஞ்சு மதிப்பு என்பர். அண்ணன் கொண்டுவந்தது இவ்வகையைச் சேர்ந்தது.

தமிழகத்திற்கு இத்துறையில் நெடிய தொடர்பு உண்டு. 1954-ஆம் ஆண்டில் டி. எஸ். சந்தானம் அவர்கள் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் லாரிகளுக்குத் தவணை முறையில் நிதியளித்து வளர்ந்தது. இந்தியாவின் முதல் குத்தகை நிறுவனமான ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி 1973-ஆம் ஆண்டில் சென்னையிலேயே தொடங்கப்பெற்றது. பின்னாளில், 2013-இல், அதன் கணக்குகளில் கண்ட குறைபாடுகளால் வைப்புத்தொகை ஏற்கக் கூடாதென ரிசர்வ் வங்கி அதற்குத் தடை விதித்தது. குத்தகைக்கு எடுப்பவர் மட்டுமன்று, விடுபவரும் கணக்கில் தவறினால் வீழ்வார் என்பதற்கு இது சான்று.

நிலக் குத்தகையும் கார்க் குத்தகையும்

லாரியைத் தவணைக்கு வாங்கியவர்கள் எவ்வாறு முன்னேறினார்கள்? சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஒற்றை லாரியில் தொடங்கிப் பல லாரிகளுக்கு உரிமையாளரானவர்கள் உண்டு. அவர்களுடைய தவணையை யார் கட்டியது? லாரியே கட்டியது. அது ஓடிச் சம்பாதித்த வாடகையில் டீசல், ஓட்டுநர் சம்பளம், டயர் போக மீதி தவணைக்குச் சென்றது.

எங்கள் ஊர் நிலக் குத்தகையும் அவ்வாறே. குத்தகைதாரர் தம் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. நிலம் விளைந்ததிலிருந்து அளக்கிறார். மழை பொய்த்து நிலம் விளையாத ஆண்டில்தான் அவர் தம் மடியைத் தேடுகிறார். அந்த ஆண்டில்தான் கடனாளி ஆகிறார்.

ஆகவே குத்தகைக்கு எடுக்கும் எப்பொருளைப் பற்றியும் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: இதன் விளைச்சல் எது? அண்ணனிடம் இதைக் கேட்டேன். அவரும் விடை வைத்திருந்தார்.

“உனக்குத் தெரியாதுடா தம்பி. டூ வீலர்ல போய் எறங்குனா பில்டர் ஆபீஸ் வாட்ச்மேன் கேட்டுலயே நிறுத்தறான். எனக்கு அப்புறம் கார்ல வந்தவன் உள்ள போயி ஆர்டர் வாங்கிட்டு வந்துடறான். நான் விக்கிற கல்லு அவன் கல்லை விட நல்ல கல்லு.”

இந்த விடையை நான் எள்ளி நகையாடவில்லை. தோற்றத்திற்கு வணிகத்தில் விலை உண்டு என்பதை எவரும் மறுக்க இயலாது. கேள்வி, அவ்விலை எவ்வளவு என்பதே.

கணக்கு

கீழ்வரும் எண்கள் அந்தத் தாளில் இருந்தவற்றை எளிமைப்படுத்தி எடுத்துக்காட்டாக அமைத்தவை. வட்டியும் விலையும் இடத்திற்கு இடம் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

காரின் விலை வரியுடன் ரூ. 45,00,000. குத்தகைக் காலம் 48 மாதங்கள். மாத வாடகை ரூ. 65,000. அதன் மேல் சரக்கு மற்றும் சேவை வரி.

இந்த வரியைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும், பெரிய கார்களுக்கு 40 விழுக்காடும், மின்சாரக் கார்களுக்கு 5 விழுக்காடும் வரி. ஓட்டுநரின்றிப் பொருளை மட்டும் குத்தகைக்கு விடும்போது, அப்பொருளின் விற்பனைக்கு உரிய அதே விகிதமே வாடகைக்கும் பொருந்தும். அண்ணன் விரும்பியது பெரிய டீசல் கார். ஆகவே ரூ. 65,000 வாடகைக்கு ரூ. 26,000 வரி. மாதம் ஒன்றுக்கு மொத்தம் ரூ. 91,000. நாற்பத்தெட்டு மாதங்களில் ரூ. 43,68,000. இதில் வரி மட்டும் ரூ. 12,48,000.

இதே காரை வங்கிக் கடனில் வாங்கினால்? ரூ. 9,00,000 முன்பணம், மீதி ரூ. 36,00,000-க்கு 9.5 விழுக்காட்டு வட்டியில் 48 மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 90,450. தவணைகள் மொத்தம் ரூ. 43,41,600. முன்பணம் சேர்த்து ரூ. 52,41,600. நான்கு ஆண்டுகள் கழித்துக் கார் ரூ. 18,00,000-க்கு விலைபோவதாகக் கொண்டால் நிகரச் செலவு ரூ. 34,41,600.

முன்பணமாக முடங்கிய ஒன்பது இலட்சத்தைத் தொழிலில் இட்டிருந்தால் அதுவும் ஈட்டியிருக்கும். ஆண்டுக்கு 12 விழுக்காடு கூட்டு ஈட்டம் என்று கொண்டால் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ரூ. 5,16,000. இதையும் செலவில் சேர்த்தால் சொந்தமாக வாங்குவதன் செலவு ரூ. 39,57,600. குத்தகையோ ரூ. 43,68,000. வேறுபாடு ரூ. 4,10,400.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய கார் பதினெட்டு இலட்சத்திற்குப் பதிலாகப் பன்னிரண்டு இலட்சத்திற்கே விலைபோயிற்று என்றால், சொந்தமாக வாங்குவதன் செலவு ரூ. 45,57,600 ஆகிவிடும். அப்போது குத்தகையே மலிவு. விலை வீழ்ச்சி என்னும் இடரைக் குத்தகை விடுபவர் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார்; அதற்கான கூலியே அந்த வேறுபாடு. ஆகவே குத்தகை என்பது ஏமாற்று அன்று. அது ஒரு நியாயமான வணிக ஏற்பாடு.

இந்த இடத்தில் நான் மகிழ்ச்சியோடு கணக்கை முடித்துவிட்டேன். குத்தகையா, கடனா என்னும் கேள்விக்கு விடை கண்டுவிட்டதாக எண்ணினேன். மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, கல் அறுக்கிற மெஷின் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?”

நான் காரைக் காரோடு ஒப்பிட்டிருந்தேன். தொழிலோடு ஒப்பிடவில்லை.

கல்லில் கணக்கு

அண்ணனின் தொழிற்கணக்கு இது. நாளொன்றுக்கு 600 கற்கள் விற்பனை. மாதத்தில் 26 நாள் வேலை. கல் ஒன்று ரூ. 40. மாத விற்பனை ரூ. 6,24,000. சிமெண்ட், எம்-சாண்ட், சில்லு, கூலி, மின்சாரம் போகக் கல் ஒன்றுக்கு ரூ. 8 மிஞ்சும். அதாவது மாதம் ரூ. 1,24,800. இடத்து வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், மெஷினுக்கு வாங்கிய கடனின் தவணை ஆகிய நிலைச்செலவுகள் ரூ. 80,000. அண்ணன் கையில் நிற்பது மாதம் ரூ. 44,800.

இதிலிருந்து ரூ. 91,000 எவ்வாறு கொடுப்பது? கொடுத்தால் மாதம் ரூ. 46,200 நட்டம்.

“ஆர்டர் கூடும்” என்பது அண்ணனின் வாதம். சரி, எவ்வளவு கூட வேண்டும்? கல் ஒன்றுக்கு எட்டு ரூபாய் மிஞ்சுமானால், கார் வாடகைக்கு மட்டும் மாதம் 11,375 கற்கள் கூடுதலாக விற்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 438 கற்கள். இப்போதைய 600-உடன் சேர்த்தால் 1,038. அண்ணனின் மெஷின் முழு மூச்சாக ஓடினாலும் ஒரு நாளில் ஆயிரம் கல்லுக்கு மேல் அறுக்காது!

அதாவது, கார் வந்து, அதனால் ஆர்டர்கள் குவிந்து, ஒரு கல்லும் உடையாமல் விற்றாலும், மெஷினின் முழு உழைப்பும் காருக்கே போதாது. கூடுதல் இலாபம் வேண்டுமானால் இரண்டாவது மெஷின் வேண்டும். அதற்குக் கடன் வேண்டும். அக்கடனுக்கும் ஈடு வேண்டும். ஈடு வைக்கவிருந்த நிலமோ ஏற்கெனவே காருக்கு ஈடாகப் போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கட்டுமானத் தொழிலில் கல் இறங்கிய அன்றே பணம் வருவதில்லை. நாற்பத்தைந்து நாள் கடன் என்பது வழக்கம். அதன்படி அண்ணனுக்கு வெளியே நிற்கும் பாக்கி எப்போதும் ஒன்பது இலட்சத்திற்கு மேல். வரவு நாற்பத்தைந்து நாளில் வரும். குத்தகை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானே போகும். இலாபம் ஈட்டும் தொழில்கள்கூட இந்த இடைவெளியில்தான் மூழ்குகின்றன. நடைமுறை மூலதனம் என்று நாம் தேர்வுக்குப் படிப்பது இதைத்தான்.

வரிச் சலுகை என்னும் மாயை

காட்சிக்கூடத்தில் மிகுதியாகச் சொல்லப்பட்டது வரிச் சலுகை. ‘குத்தகை முழுவதும் செலவு, வரி மிச்சம்’ என்றார்களாம். இது ஓரளவு உண்மை. சொந்தக் காருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 விழுக்காடு, அதுவும் குறைந்து செல்லும் மதிப்பில் மட்டுமே கிடைக்கும்; குத்தகை வாடகையோ தொழிலுக்குப் பயன்பட்ட அளவிற்குச் செலவாகக் கழிக்கப்படும். உயர்ந்த விகிதத்தில் வருமான வரி செலுத்துவோருக்கு இது உண்மையான ஆதாயம்.

ஆனால் அண்ணனுக்கு? அவருடைய ஆண்டு வருமானம் ரூ. 5,37,600. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் பன்னிரண்டு இலட்சம் வரை வருமானமுள்ளவர் தள்ளுபடியின் வழியாக வரி செலுத்த வேண்டியதில்லை. வரியே இல்லாதவருக்கு வரி மிச்சம் எங்கிருந்து வரும்?

மேலும், சிறு வணிகர்கள் பலர் விற்பனையில் 8 விழுக்காடு, வங்கி வழி வரவுக்கு 6 விழுக்காடு என உத்தேச இலாபம் காட்டும் எளிய முறையைப் பின்பற்றுகின்றனர். அம்முறையில் செலவுகளைத் தனித்தனியே கழிக்க இடமில்லை. காருக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் ஒரு இலட்சம் கொடுத்தாலும் வரி ஒன்றே.

சரக்கு மற்றும் சேவை வரியிலும் இதே நிலை. வணிகர் தாம் செலுத்திய வரியை, தாம் வசூலித்த வரியில் ஈடுசெய்துகொள்வது பொது விதி. ஆனால் பதின்மூன்று பேருக்கு மேற்படாமல் அமரும் பயணியர் வாகனங்களுக்கு, வாங்கினாலும் குத்தகைக்கு எடுத்தாலும், அந்த வரவைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில், ஓட்டுநர் பயிற்சி, வாகன விற்பனை முதலியவற்றிற்கே விலக்கு. ஆகவே அந்த மாதம் ரூ. 26,000 திரும்ப வராத பணம். சரக்கு வண்டிக்கு இத்தடை இல்லை என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகள்

ஒப்பந்தப் படிவத்தை அண்ணனும் நானும் இரவு முழுவதும் படித்தோம். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கிலோமீட்டர் வரம்பு. ஆண்டிற்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம். மீறினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம்.

இரண்டாவது, திருப்பித் தரும் நிலை. கீறல், நசுங்கல், இருக்கையின் கறை ஆகியவற்றிற்கெல்லாம் விலை உண்டு. கல் அறுக்கும் இடத்திற்கும், மழைக்காலத்தில் சேறாகும் மண்பாதைக்கும் போய்வரும் கார் நான்கு ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கும்?

மூன்றாவது, இடையில் விடுவது. தொழில் நொடித்தால் காரைத் திருப்பித் தந்துவிட்டு விலகிவிடலாம் என்று அண்ணன் எண்ணியிருந்தார். மீதிக் காலத்து வாடகையில் பெரும்பகுதியைச் செலுத்தினால்தான் விலக முடியும் என்றது படிவம்.

நான்காவது பலரும் அறியாதது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘உரிமையாளர்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், குத்தகை ஒப்பந்தத்தின்படி வாகனத்தைத் தம் வசம் வைத்திருப்பவரே உரிமையாளராகக் கொள்ளப்படுகிறார். விற்கும் உரிமை நமக்கில்லை. விபத்து நேர்ந்தால் பொறுப்பு நமக்குண்டு.

‘புதுச்சேரியில் சாலை வரி குறைவு’ என்பதும் ஓர் ஆதாயமாகச் சொல்லப்பட்டது. இங்கு வசிப்பவர்க்கு அது உண்மையே. ஆயினும் அந்த ஒரு சலுகைக்காக வெளியூரார் இங்கு முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்ததாக 2017-இல் கேரளத்தில் எழுந்த பெரும் சர்ச்சையை நாம் மறந்துவிடலாகாது. ஒருமுறை செலுத்தும் வரியின் குறைவு, மாதந்தோறும் செலுத்தும் வாடகையைக் குறைப்பதில்லை.

வெளியுலகம் தரும் பாடங்கள்

பெரிய நிறுவனங்களும் இந்த எஞ்சு மதிப்புக் கணக்கில் தவறியுள்ளன. அமெரிக்காவின் ஊபர் நிறுவனம் 2015-இல் தன் ஓட்டுநர்களுக்குக் கார் குத்தகைக்கு விடும் கிளை ஒன்றைத் தொடங்கியது. கார் ஒன்றுக்குச் சில நூறு டாலர் இழப்பு வரலாம் என்று எண்ணியிருக்க, சராசரி இழப்பு 9,000 டாலர் அளவில் இருந்ததாக 2017-இல் செய்தி வெளியாயிற்று. ஓட்டுநர்கள் கார்களை மிகுதியாக ஓட்டியதால் அவை எதிர்பார்த்ததைவிடத் தேய்ந்து திரும்பின. அக்கிளை மூடப்பெற்றது.

நம் நாட்டில் 2019-இல் ஓட்டம் தொடங்கிய ப்ளூஸ்மார்ட் என்னும் மின்சார வாடகைக்கார் நிறுவனம், தன் கார்களில் பலவற்றை ஜென்சால் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்து ஓட்டியது. கார் வாங்கப் பெற்ற கடனில் ஒரு பகுதி வேறு வழிகளுக்குத் திருப்பப்பட்டதாகக் கூறிப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஏப்ரல் 15 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதே மாதத்தில் கார்களின் ஓட்டமும் நின்றது. குத்தகைக்கு விட்டவரின் சிக்கல் குத்தகைக்கு எடுத்தவரின் தொழிலையும், சக்கரத்தைப் பிடித்திருந்த ஓட்டுநரின் அன்றாடக் கூலியையும் தாக்கும் என்பதை இதனால் அறிகிறோம்.

கார் உண்மையில் எதற்கு வேண்டும்?

எண்களைக் காட்டியும் அண்ணனின் முகம் தெளியவில்லை. “கணக்கு சரிதான். ஆனா வாசல்ல நிக்கறது நான்தானே” என்றார். அதில் இருந்த வலி எனக்குப் புரிந்தது. ஆகவே அடுத்த முறை அவர் ஆர்டர் கேட்கச் சென்றபோது நானும் உடன் சென்றேன். அதே இருசக்கர வண்டியில்தான்.

வாசலில் அரை மணி நேரம் நின்றோம். அது உண்மை. பின்னர் கட்டடத்தின் பொறியாளர் வந்தார். அவர் எங்கள் வண்டியைப் பார்க்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். கல்லின் அழுத்தத் தாங்குதிறனுக்கு ஆய்வகச் சான்று உண்டா? சொன்ன நாளில் கல் வந்து இறங்குமா? எத்தனை நாள் கடன் தருவீர்கள்?

சான்று அண்ணனிடம் இல்லை. கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2185 என்னும் தனித் தரம் உண்டென்பதை அவர் அறிவார், சோதனைக்கு அனுப்பியதில்லை. சொந்த வண்டி இல்லாததால் வாடகை வண்டிக்காகக் காத்திருந்து, போன மாதம் இருமுறை தாமதம். பொறியாளருக்கு அதுவும் தெரிந்திருந்தது. “கல்லு நல்லா இருக்குங்க. ஆனா நீங்க லேட்டா வந்தா எங்க கொத்தனாருக்கு அன்னிக்கு வேலை இல்ல, கூலி நான்தான் குடுக்கணும்” என்றார்.

திரும்பும் வழியில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வில்லியனூர் கடந்தபின், “வாட்ச்மேன் நிறுத்துனது வண்டியப் பார்த்துதான். ஆர்டர் நின்னது வண்டியால இல்ல போல” என்றார்.

யாருக்குக் குத்தகை தகும்?

இதனால் விலையுயர்ந்த கார்க் குத்தகை எவருக்குமே ஆகாது என்று முடிவு கட்டுதல் தவறு. புதுவைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வோருக்குக் கார்தான் நிலம், அது விளைகிறது. நிலையான உயர்ந்த வருமானம் உடைய, உயர்ந்த வரி விகிதத்தில் இருக்கும், தம் மூலதனத்தைக் காரில் முடக்க விரும்பாத வணிகருக்கும் குத்தகை நன்று.

மற்றவர்கள் கையெழுத்திடுமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்கலாம்:

1. வாடகையும் வரியும் சேர்ந்து மாத நிகர இலாபத்தில் எத்தனை பங்கு?
2. அதை ஈட்ட எத்தனை பொருள் கூடுதலாக விற்க வேண்டும்? அதைச் செய்யும் திறன் தொழிலுக்கு உண்டா?
3. மூன்று மாதம் வரவு நின்றால் வாடகையை எதிலிருந்து கொடுப்பது?
4. சொல்லப்படும் வரிச் சலுகை எனக்கு உண்மையில் எத்தனை ரூபாய்?
5. தேவைப்படும் நாளில் மட்டும் வாடகைக் கார் எடுத்தால் என்ன?

ஐந்தாவது கேள்விக்கு அண்ணனின் கணக்கு இது. ஓட்டுநருடன் நல்ல கார் ஒன்று நாளுக்கு ரூ. 6,000 என்று கொண்டால், மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் தேவைப்பட்டால்தான் குத்தகை இலாபம். அவருக்குத் தேவைப்பட்டதோ மாதம் இரண்டு நாள்.

முடிவுரை

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தைப் போருக்குப் புறப்படும் அரசனுக்காக வைத்தார். ஆயினும் அதே அதிகாரத்தில் வருவாய், செலவு ஆகியவற்றின் அளவையும் பேசுகிறார். தன் வலிமையை அறிவதில் தன் பணப்பெட்டியை அறிவதும் அடங்கும் என்று அவர் கருதினார் போலும். வணிகவியல் மாணவர்கள் முதற்பாடமாகக் கொள்ளத்தக்கது அது.

பெரியப்பா கையெழுத்திடவில்லை. பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றைப் பழையதாக, வங்கிக் கடனில் வாங்கினார். அதன் தவணை காரின் வாடகையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கற்களை ஆய்வகத்திற்கு அனுப்பிச் சான்று பெற்றார். இப்போது நாளுக்கு எழுநூறு கல் வரை போகிறது. பெருஞ்செல்வம் வந்துவிடவில்லை, ஆனால் வண்டியின் தவணையை வண்டியே கட்டுகிறது.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைக் காணாதார் எம் பக்கத்தில் குறைவு. பிரெஞ்சு ஆட்சிக் காலந்தொட்டு ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது அத்தேரின் மரபு. ஆளுநர் தொட்டுத் தொடங்கினாலும், தேரை நிலைக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் வடம் பிடிக்கும் பல நூறு பேர். தொழிலும் ஒரு தேர்தான். அதன் அழகைப் பார்த்து வியப்பது எளிது. இழுக்கும் தோள்களின் வலுவை எண்ணிப் பார்த்தே அதன் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன் அந்த வண்ணத் தாளைக் கிழிக்கவில்லை. கல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறார். சென்ற வாரம் அதைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆசை போகலையா அண்ணே?” என்றேன். “ஆசை இருக்கட்டும்டா. மெஷின் ரெண்டாகட்டும், அப்புறம் கணக்குப் போடு” என்றார்.

கணக்குப் போடக் காத்திருக்கிறேன்.